கண் காய்ந்த ஏழு வாரம்

1

முதலில் எழுதுகிறவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். சோளிங்கர் தணிகாசலம். படிப்பு நாலாம் வகுப்பு. பதினேழு வயதில் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு மாற்று லுங்கியும், ஒரு வெல்டர் பெயர் எழுதின துண்டுச் சீட்டும்தான். அந்த வெல்டர் ஆறு மாதம் முன்னாலேயே பட்டறையை மூடிவிட்டுப் போயிருந்தார்.

அப்படி வந்தவன் என்னென்ன செய்தான் என்று கேளுங்கள். அல்சூரில் சொந்தப் பட்டறை. முதலில் தகரக் கூரை, பிறகு கான்கிரீட். விவேக் நகரில் ஒரு தெருவில் இரண்டு பக்கமும் நடந்து பாருங்கள், ஜன்னல் கிரில்லில் மயில் இருந்தால் அது நான் வளைத்த மயில். மற்றவன் மயிலுக்குக் கழுத்து தடியாக இருக்கும், வான்கோழி மாதிரி. ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கண்ணாடிக் கட்டடம் எழுப்பினபோது அதில் நாலு கட்டடத்துக்கு மாடிப்படிக் கைப்பிடி நான் போட்டது. எஞ்சினியர்கள் காகிதத்தில் போட்ட வளைவு இரும்பில் வராது என்று முதல் நாளே சொன்னேன். கேட்கவில்லை. இரண்டு கைப்பிடி பிய்ந்த பிறகு கேட்டார்கள். தொண்ணூற்றொன்றில் தண்ணீர்த் தகராறில் ஊர் எரிந்தபோது, போர்டில் இருந்த தமிழ் எழுத்தின் மேல் நானே ரெட் ஆக்ஸைடு பூசிவிட்டு ஒரு வாரம் ஷட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு ஓடி வந்தவர்கள் பலபேர். நான் எட்டாம் நாள் ஷட்டரைத் தூக்கினேன். மூன்று மாடி வீடு. ஒரே மகள், டிகிரி வரை படிக்க வைத்தேன். இதில் ஒரு கம்பியைக்கூட இன்னொருத்தன் எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

நம் ஊர் மலருக்கு வெளியூர் வாழ்க்கை பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். பெங்களூர் பூங்கா, பெங்களூர் குளிர் என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை. நான் எழுதப்போவது என் மகள் கண்ணைப் பற்றி. போன வருஷம் ஏழு வாரம் அந்த இரண்டு கண்ணைத் தவிர எங்கள் வீட்டில் வேறு பேச்சு கிடையாது.

2

மகள் பெயர் ரேவதி. ஆறாம் வகுப்பிலேயே கண்ணாடி வந்துவிட்டது. வருஷத்துக்கு வருஷம் அது தடித்துக்கொண்டே போனது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது நானா, அவள் அம்மாவா என்று குரலை வைத்துத்தான் சொல்வாள். டிகிரி முடித்ததும் ஒயிட்ஃபீல்டில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள். அங்கே அவள் பெயர் ரீட்டா. அமெரிக்காக்காரன் வாயில் ரேவதி நுழையாதாம். வீட்டுக்கு வந்தும் போனில் ரீட்டா குரலில்தான் பேசுவாள். என்ன பேசுகிறாள் என்று என் மனைவி சரோஜா என்னைக் கேட்பாள். எனக்குத் தெரிந்த மாதிரி, ஆபீஸ் விஷயம் என்பேன்.

அப்போது புதுசு புதுசாக விமானக் கம்பெனிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ஏர்போர்ட் ரோடு பக்கம் இறங்குகிற விமானத்தின் வயிறு தெரியும். ரேவதி எங்களுக்குச் சொல்லாமல் ஒரு கம்பெனிக்குப் போய், விமானத்தில் வேலை செய்கிற பெண்களை எடுக்கிற தேர்வில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். உயரம் சரி, பேச்சு சரி, இங்கிலீஷ் சரி. கண் மட்டும் சரியில்லை. லேசர் ஆபரேஷன் செய்துகொண்டு ஏழு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வா, எங்கள் டாக்டர் பார்ப்பார் என்று ஒரு தேதி கொடுத்தார்கள். அன்றைக்குக் கண்ணாடி இல்லாமல் கடைசி வரி எழுத்து வரை படிக்க வேண்டும். கண் வெள்ளையாக இருக்க வேண்டும். சிவந்த கண்ணோடு ஒரு பெண் காபி கொண்டுபோய் நீட்டினால் பயணிகள் மெட்ராஸ் ஐ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். பாருங்கள், இந்த ஊரிலும் அந்த நோய்க்கு அதுதான் பெயர். கண் சிவந்தால் நாம்தான் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தோம் என்கிற மாதிரி. அன்றைக்குத் தேறவில்லை என்றால் அந்த இடம் வரிசையில் அடுத்து இருக்கிற பெண்ணுக்கு. மறு வாய்ப்பு கிடையாது.

அவள் அம்மா வேண்டாம் என்றாள். கண்ணைக் கத்தியில் கொடுத்துவிட்டு வானத்தில் போய்ச் சோறு போடுகிற வேலையா என்று அழுதாள். நான்தான் சரி என்றேன். ஆபரேஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்டவன் நான். கருவிழி மேலே மெல்லிசாக ஒரு மூடி மாதிரி வெட்டித் திறப்பார்கள், முழுசாக வெட்ட மாட்டார்கள், ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒளியால் செதுக்கிவிட்டு மூடியைத் திரும்பப் படுக்க வைத்துவிடுவார்கள். ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா சொல்லச் சொல்ல சரோஜாவுக்குத் தலை சுற்றியது. எனக்கு ஒரே வார்த்தையில் புரிந்துவிட்டது. கீல். ஒரு கேட்டுக்குக் கீல் பற்றவைக்கிற நேரம்கூட ஆகவில்லை, இரண்டு கண்ணும் முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் மாடியில் நின்று ஏரிப் பக்கம் போகிற பஸ்ஸின் நம்பரைப் படித்தாள். எதிர் வீட்டுக் கொடியில் எத்தனை துணி என்று எண்ணினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பா, உங்க புருவத்துல ஒரு தழும்பு இருக்கே, எப்பலேர்ந்து என்று கேட்டாள். அது அவள் பிறக்கும் முன்னாலேயே தீப்பொறி பட்டு வந்தது.

3

இரண்டாவது வாரம் தொல்லை ஆரம்பித்தது. காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றது. ஆபீஸில் ஏ.சி., எதிரே கம்ப்யூட்டர் திரை. சாயங்காலம் ஆபீஸ் வண்டியில் வந்து இறங்கும்போது கண் மிளகாய் அரைத்த அம்மி மாதிரி இருக்கும். டாக்டரம்மா கண்ணீர் மாதிரி ஒரு சொட்டு மருந்து கொடுத்திருந்தார். கண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள், வாங்குகிறோம். அதை மணிக்கு ஒருதரம் போடச் சொன்னார். அங்கே ஒரு போனை வைத்தால் அடுத்த போன். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் போட்டால் பெரிது.

டாக்டரிடம் போகலாம் என்றேன். மாட்டேன் என்றாள். போனால் கண் சரியில்லை என்று எழுதிவிடுவார், கடிதம் கிடைக்காது என்று பயம். அவள் பயந்து நான் பார்த்ததில்லை. அப்படியே விட முடியுமா? நான் இருக்கிறேன் என்றேன்.

பஜார் தெருவில் ஒரு மருந்துக் கடை. அந்தக் கடை ஷட்டர் நான் போட்டது, கடைக்காரர் நல்ல மனிதர், கன்னடக்காரர். எனக்குக் கன்னடம் தெரியும். ஆனால் அது இரும்புக் கன்னடம். அளவு, கம்பி, பூட்டு, பெயிண்ட், நாளைக்கு வா, நாளன்றைக்கு வா. அதை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். மகளுக்குக் கண் சரியில்லை, சொட்டு மருந்து வேண்டும் என்று சொன்னேன். அவர் மேல் தட்டில் கையை வைத்துக்கொண்டு, எதை எடுப்பது என்கிற மாதிரி திரும்பிப் பார்த்து, "ஒணகிதியா?" என்று கேட்டார்.

கன்னடத்தில் ஒணகுவது என்றால் காய்வது. பெயிண்ட் ஒணகிதியா என்று ஒரு நாளைக்குப் பத்துதரம் கேட்கிற வார்த்தை. அதனால் எனக்குத் தெரியாத வார்த்தை என்று சொல்ல வழியில்லை. ஆனால் கண்ணில் நோய் வந்தால், புண் வந்தால், நாம் என்ன கேட்போம்? காஞ்சிடுச்சா என்று கேட்போம். காய்ந்துவிட்டது என்றால் ஆறிவிட்டது என்று அர்த்தம். அவரும் அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆறியிருந்தால் நான் எதற்கு உன் கடைக்கு வருகிறேன் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, "இல்லா சார், ஒணகில்லா. கெம்பாகிதே" என்றேன். காயவில்லை சார், சிவப்பாக இருக்கிறது.

அவர் கேட்டது கண் வறண்டு போயிருக்கிறதா என்று. நான் இல்லை என்றேன். அவர் கை அடுத்த தட்டுக்குப் போனது. சிவப்பு போகிற மருந்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு நிமிஷத்தில் வெள்ளையாகிவிடும் என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆபரேஷன் ஆன கண் என்று நான் சொல்லவும் இல்லை. தெருவுக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தோம்.

வீட்டில் ரேவதி புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆபரேஷன் ஆனவங்க போடலாமான்னு கேட்டீங்களாப்பா?"

"எல்லாம் கேட்டாச்சு. போடு."

இதை நான் மறைக்கவில்லை. இப்படித்தான் சொன்னேன்.

போட்ட ஒரு நிமிஷத்தில் கண் சலவை செய்த மாதிரி வெளுத்தது. சரோஜா கற்பூரம் ஏற்றினாள். என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை. மூன்று மணி நேரம் கழித்து முன்னைவிடச் சிவப்பாக வந்தது. மறுபடி ஒரு சொட்டு, மறுபடி வெள்ளை. இரண்டு வேளை நாலு வேளை ஆனது, நாலு ஆறு ஆனது. நாலாவது வாரம் முடியும்போது செங்கல் தூள் அப்பின மாதிரி இரண்டு கண். குத்தலும் எரிச்சலும் அப்படியே இருந்தது. பஸ் நம்பர் திரும்பவும் மங்கலாகத் தெரிகிறது என்றாள். அன்றைக்கு நானே அவள் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

4

டாக்டரம்மா மங்களூர்ப் பக்கம். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசுவார். கண்ணை விளக்கு வைத்துப் பார்த்தார், ஒரு காகிதத் துண்டை இமையில் செருகி வைத்து எடுத்துப் பார்த்தார். காகிதம் ஈரமே ஆகவில்லை. நான் கொடுத்ததைத் தவிர வேறு என்ன போடுகிறாய் என்று ரேவதியைக் கேட்டார். ரேவதி என்னைப் பார்த்தாள். புட்டி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

அவர் அதை விளக்கில் பிடித்துப் படித்தார்.

"ஆபரேஷன் ஆச்சுன்னு சொல்லித்தான் வாங்கினீங்களா?"

எஞ்சினியர்களையே எதிர்த்துப் பேசினவன் நான். அந்த நேரம் டாக்டரம்மா கையில் இருந்த புட்டியைத்தான் பார்த்தேன். ரேவதி என் பக்கம் திரும்பவில்லை, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லல மேடம்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாக விளக்கினார். மூடி வெட்டும்போது கருவிழியில் மெல்லிசு மெல்லிசான நரம்புகள் அறுபடும். காய்ந்து போச்சு, தண்ணீர் விடு என்று கண்ணிலிருந்து சேதி போக வேண்டும், அந்தக் கம்பி அறுந்திருக்கிறது, திரும்ப முளைக்க மாதக் கணக்காகும். அதுவரை நாம்தான் ஈரம் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த மருந்து ஈரம் கொடுக்காது, ரத்தக் குழாயை இறுக்கிப் பிடித்து வெளுப்பாகக் காட்டும், அவ்வளவுதான். பிடியை விட்டால் குழாய் முன்னைவிடப் பெரிதாக விரியும்.

துருவைச் சுரண்டாமல் மேலே பெயிண்ட் அடிக்கிறவனை நான் பட்டறைக்குள் விட்டதில்லை. என் மகள் கண்ணில் நான் செய்தது அதுதான்.

இன்றையிலிருந்து இந்தப் புட்டி கூடாது என்றார். நிறுத்தினால் முதல் சில நாள் சிவப்பு இன்னும் ஏறும், பிறகுதான் இறங்கும். ஈர மருந்தை மணிக்கு ஒருதரம், தவறாமல். விசிறிக் காற்று, ஏ.சி. காற்று முகத்தில் படக் கூடாது. ரேவதி ஒரே கேள்வி கேட்டாள். இன்னும் பத்தொன்பது நாளில் வெளுக்குமா? டாக்டரம்மா புட்டியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "பார்க்கலாம்" என்றார்.

ஆட்டோவில் வரும்போது ரேவதி சொன்னது இதுதான்: "எல்லாம் கேட்டாச்சுன்னீங்களே."

5

அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. அம்மா மூலமாகத்தான். அப்பாவை விசிறியை நிறுத்தச் சொல்லும்மா. அப்பாவை கதவைச் சாத்தச் சொல்லும்மா. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு. சிவப்பு டாக்டரம்மா சொன்ன மாதிரியே ஏறியது. ஆபீஸில் பக்கத்து நாற்காலிப் பெண் மெட்ராஸ் ஐ என்று பயந்து இடம் மாற்றிக்கொண்டாளாம். காலண்டரில் அந்தத் தேதியை ரேவதி வட்டம் போட்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் குளிக்கப் போவேன்.

இந்தக் கண்ணை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஐந்தாவது வாரம் ஒரு நாள் அவள் அம்மாவிடம் சொன்னாள்: மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்மா, கண்ணை மூடினாலும் மணல், திறந்தாலும் மணல். நான் பாதி இட்லியில் நிறுத்திவிட்டேன். வெல்டிங் வெளிச்சத்தை நேராகப் பார்த்துவிட்டால் எங்களுக்கு வருவது அதேதான். ஆர்க் அடிச்சிடுச்சு என்போம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் முகமூடி இல்லாமல் வாரம் ஒருதரம் அடி வாங்கியிருக்கிறேன். உருளைக்கிழங்கு வில்லை, ரோஸ் வாட்டர், தாய்ப்பால் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எதுவும் இவள் கண்ணில் போடக் கூடாது, அந்தப் புத்தி எனக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த நாட்களில் நான் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. என்ன போட்டாலும் சுகம் மருந்தில் இல்லை. கண் மேல் காற்று படாமல் இருப்பதில்தான்.

அப்புறம் அவளைக் கவனித்தேன். மாடியில் துணி எடுக்கும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள். டி.வி. பார்க்கும்போது இரண்டு உள்ளங்கையையும் குவித்துக் கண்ணைச் சுற்றிக் கூடு மாதிரி வைத்துக்கொண்டாள். கையை எடுத்தால் முகம் சுளித்தது, வைத்தால் தெளிந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு வேலை தெரிந்துவிட்டது.

பட்டறையில் கேஸ் வெல்டிங்குக்குப் போடுகிற கண்ணாடி உண்டு. இரண்டு கிண்ணம் மாதிரி கண்ணோடு ஒட்டி உட்காரும், பின்னால் நாடா. புதுசாக ஒன்று எடுத்தேன். வளையத்தைத் திருகி, பச்சைக் கண்ணாடியை எறிந்துவிட்டு வெள்ளைக் கண்ணாடி போட்டேன். பக்கத்தில் இருந்த காற்றுத் துளைகளை அடைத்தேன். ஓரத்து ரப்பர் அவள் முகத்துக்கு முரடு. புது ஸ்பாஞ்சை மெல்லிசாக அறுத்து, வெந்நீரில் போட்டு எடுத்து, ஓரம் முழுக்க ஒட்டினேன். முதலில் செய்தது மூக்கை அழுத்தியது. இரண்டாவதில் இடது பக்கம் இடைவெளி விழுந்தது. மூன்றாவது சரியாக வந்தது. மூன்று மத்தியானம், கேட் வேலை எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு.

கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். சரோஜா பார்த்துவிட்டு, தவளைக்கு அளவெடுத்தீங்களா என்றாள். ரேவதி தொடவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"கண்ணைக் கெடுத்தாச்சு. இப்ப என்னை வெல்டர் ஆக்கப் பாக்குறாராம்மா?"

எனக்கும் கோபம் வந்தது. வெல்டர் சம்பாத்தியத்தில்தான் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் வந்தது என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். இரண்டு நாள் அது மேஜையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தேதிக்குப் பதினொரு நாள் பாக்கி. இனி எதற்கு என்று அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினேன். வாசல்வரை போயிருப்பேன். குடுக்கச் சொல்லும்மா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சொட்டு மருந்து போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் நின்றேன். கால் மணி ஆகும்போது கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்துவிட்டது. ஒண்ணும் தெரியலம்மா என்றாள். எனக்கு முகம் தொங்கிவிட்டது. காற்று போக ஒரு துளை போட்டுத் தருகிறேன் என்று ஊசியை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன்.

"இருங்கப்பா."

எட்டு நாளில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"தெரியலன்னாலும் பரவால்ல. குத்தல. உள்ள குத்தவே இல்ல."

அந்த ஆவிதான் மருந்து. அவள் கண்ணின் ஈரம் அவளுக்கே திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். வெளிநாட்டில் வறண்ட கண்ணுக்கு இதே மாதிரி கம்பெனிக்காரர்கள் செய்து விற்கிறார்கள், இங்கே கிடைப்பதில்லை என்றார். தினமும் சுத்தம் செய்ய வேண்டும், ஸ்பாஞ்சை மாற்ற வேண்டும், தூங்கும்போது கூடாது, ஈர மருந்தை நிறுத்தக் கூடாது. இந்த நாலும் சொல்லிவிட்டு, போடலாம் என்றார். யார் செய்தது என்று கேட்டார். நான் என்றேன். அப்போது ரேவதியும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வைக்காக ஒவ்வொரு கிண்ணத்திலும் ஊசிமுனை அளவு ஒரே ஒரு துளை போட்டேன். ஆபீஸுக்கும் அதைப் போட்டுக்கொண்டு போனாள். ரீட்டா, நீச்சல் குளம் எந்த மாடியில என்று ஒருத்தன் கேட்டானாம். உன் சீட்டுக்கு அடியில, எழுந்து பாரு என்றாளாம். அவள் அப்படிப் பேசினாள் என்று கேட்டபோதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு நாள் மூக்கோரம் வெளுத்தது. நாலு நாள் கழித்து மேல்பக்கம் வெளுத்தது. இடது கண் கடைக்கோடியில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு நின்றது. அது போகவில்லை.

6

அந்தத் தேதி வந்தது. டாக்டரம்மா கடிதம் கொடுத்துவிட்டார். ஆட்டோவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வந்தாள். கம்பெனி வாசலில் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இடது கண்ணில் கோடு அப்படியேதான் இருந்தது. என்னை உள்ளே விடவில்லை. காவல்காரர் என் கையில் இருந்ததைப் பார்த்து, இது என்ன, கேஸ் வேலையா என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. வரிசையில் அடுத்து இருக்கிற பெண்ணும் அங்கேயே எங்கேயோ உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு அப்பன் இருப்பான். அந்த யோசனை வேண்டாம் என்று ரோட்டைப் பார்த்தேன்.

முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வந்துதான் சொன்னாள். கடைசி வரி வரை படித்துவிட்டாள். கோட்டைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் யோசித்தாராம். மஞ்சள் சாயம் தொட்டு நீல விளக்கில் பார்த்தாராம். கருவிழி சுத்தமாக இருந்தது. வறட்சி கொஞ்சம் இருக்கு, போகப் போகச் சரியாகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தேறிவிட்டாள்.

நான் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். கண்ணாடி அழுத்திய தடம் முகத்தில் வட்டமாகப் பதிந்திருந்ததைப் பார்த்து, இது என்ன வளையம் என்று கேட்டாராம் அந்த டாக்டர்.

"என்ன சொன்ன?"

"ஸ்விம்மிங் போறேன்னுட்டேன்."

நானும் சிரித்தேன். வேலை கிடைக்கிற இடம், எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் விடவில்லை போலிருக்கிறது, இப்போது எழுதும்போது கை தானாக அங்கே நிற்கிறது.

7

இப்போது அவள் பறக்கிறாள். டெல்லியிலிருந்து போன் செய்வாள், கல்கத்தாவிலிருந்து போன் செய்வாள். அம்மா சாப்பிட்டியா, அப்பா சாப்பிட்டாரா. நான் ஒயிட்ஃபீல்டு வேலை, இரும்பு விலை என்று ஆரம்பிப்பதற்குள் போர்டிங் என்பாள், வைத்துவிடுவாள். வருத்தமில்லை. அனுப்பியவனே நான்தான்.

சென்ற மாதம் வந்தபோது ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்தாள். கண் ஆஸ்பத்திரி போட்டது. லேசர் செய்துகொண்டவர்களுக்குக் கண் வறண்டு சிவந்தால் எப்படிச் சமாளிப்பது என்று, செய்துகொண்டவர்களையே எழுத வைத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பக்கம் ரேவதி எழுதியது. இங்கிலீஷ். என்னை உட்கார வைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னாள். நன்றாக எழுதியிருந்தாள், அதை மறுக்க மாட்டேன். மணிக்கு ஒருதரம் சொட்டு, ஏ.சி. காற்று, கம்ப்யூட்டர் முன்னால் இமை கொட்ட மறப்பது எல்லாம் இருந்தது. டாக்டரம்மா பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. சொட்டு மருந்தை ஞாபகப்படுத்திய ஆபீஸ் தோழி பெயர்கூட இருந்தது.

பிறகு ஒரு வரி. வீட்டுப் பெரியவர் ஒருவர் டாக்டரைக் கேட்காமல் வாங்கிக் கொடுத்த மருந்தால் என் கண் கெட்டது, வீட்டில் சொல்வதைக் கேட்டு மருந்து போடாதீர்கள். அதற்கு நாலு வரி தள்ளி இன்னொன்று. காற்றுப் படாமல் காக்கும் கண்ணாடி ஒன்று கிடைத்தது, அதுதான் என்னைக் காப்பாற்றியது.

"கிடைச்சுதா?" என்றேன்.

"என்னப்பா?"

"கண்ணாடி. எங்க கிடைச்சுது? ரோட்டுலயா?"

"அப்பா, அதுல யார் செஞ்சாங்கன்னு முக்கியமில்லப்பா. பேஷன்டுக்கு உபயோகமா இருக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப டாக்டர் பேர் எதுக்கு?"

"அவங்க டாக்டர்."

"உன் தோழி பேர்?"

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். "வெல்டிங் கண்ணாடியைக் கண்ணுல போட்டேன்னு எழுதினா சிரிப்பாங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். சரோஜா உள்ளேயிருந்து, விடுங்களேன், பொண்ணு ஒரு நாள் வந்திருக்கா என்றாள். விட்டேன். மறுநாள் விமானத்துக்குப் போய்விட்டாள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தப்பு செய்தபோது அந்தப் புத்தகத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். சரி செய்தபோது ஆளே இல்லை, கண்ணாடி தானாகக் கிடைத்துவிட்டது. இரண்டும் ஒரே ஆள். கடையில் தப்பாகப் புரிந்துகொண்ட அதே தலைதான் அந்தக் கண்ணாடியை யோசித்தது. ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் அது என்ன கணக்கு?

அந்த ஆஸ்பத்திரிக்கு ஓசூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் நம் ஆட்கள் நிறைய வருகிறார்கள். அதனால் புத்தகத்தைத் தமிழிலும் போடப்போகிறார்களாம். ரேவதிதான் எழுதிக் கொடுக்கிறாள், இரண்டு மாதத்தில் வருகிறது. நம் ஊர் மலர் அவளுக்கும் தபாலில் போகும், அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

ரேவதி, தப்பு மருந்து கொடுத்த பெரியவரை எடுக்காதே. அது நடந்தது, இருக்கட்டும், படிக்கிறவன் பிழைத்துக்கொள்வான். பெரியவர் என்று மறைக்கவும் வேண்டாம், அப்பா என்றே போடு. அடுத்ததில் கிடைத்தது என்கிற வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு இப்படி எழுது: இந்தக் கண்ணாடியைச் செய்து கொடுத்தவர் என் அப்பா, அல்சூர் வெல்டர் தணிகாசலம். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். இந்த வரி இல்லாமல் அந்தப் புத்தகம் தமிழில் வரக் கூடாது.